வழக்கும் வைத்தியமும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விசாரணை

1. வினா

போதைப் பழக்கத்துக்கு ஆட்பட்ட ஒரு மனிதர் குற்ற வழக்கொன்றில் சிக்கி, காவல் நிலையத்துக்கும், அங்கிருந்து மாஜிஸ்டிரேட்டின் முன்னிலைக்கும், பின் சிறைக்கும், சிறையிலிருந்து ஜாமீனில் மறுபடியும் தன் தெருவுக்கும் வந்து சேர்கிற நெடிய வட்டத்தில், எந்த இடத்தில், யாருடைய கையால், அவர் சிகிச்சையின் பக்கம் திருப்பப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. மதுவிலக்கு சாத்தியமா, கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா என்பன போன்ற பெரிய விவாதங்கள் இவ்வினாவைச் சூழ்ந்து நிற்கின்றனவாயினும், அவற்றுள் புகாமல், இப்போதுள்ள சட்டத்தையும் இப்போதுள்ள ஆஸ்பத்திரிகளையும் வைத்துக்கொண்டே, இன்று கைதாகும் ஒருவருக்கு நாளைக்கு என்ன செய்ய முடியும் என்று ஆராய்வதே நோக்கம்.

இடம் தாம்பரமும் அதைச் சார்ந்த தென் சென்னைப் புறநகரும். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும், அவற்றையொட்டிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி 2021 நவம்பரில் மாநகராட்சி உருவாயிற்று. 2022 ஜனவரி 1 அன்று தாம்பரத்துக்கென்று தனிப் போலீஸ் கமிஷனரேட் ஏற்பட்டது. நாகல்கேணியின் தோல் பதனிடும் கூடங்கள், ஜி.எஸ்.டி. சாலையின் ஓரம் எழும்பும் அடுக்ககங்களில் கூலிக்கு நிற்கும் கட்டடத் தொழிலாளர்கள், நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பட்டு, பழைய வேலையும் பழைய அண்டை வீட்டாரும் போய்விட்ட குடும்பங்கள் ஆகிய இவர்கள் எல்லாரும் இந்த எல்லைக்கு உட்பட்டவர்கள். 2021 டிசம்பரில் தமிழகம் முழுவதும் தொடங்கி, அடுத்தடுத்த சுற்றுகளாக நடைபெற்ற ‘கஞ்சா வேட்டை’ இப்பகுதியிலும் பல இளைஞர்களைக் காவல் நிலையப் படியேற்றியது. பொட்டலம் விற்றவர்களும் அதில் இருந்தார்கள். பொட்டலம் வாங்கியவர்களும் இருந்தார்கள். வாங்குவதற்குப் பணம் வேண்டி விற்கத் தொடங்கியவர்களும் இருந்தார்கள்.

சிகிச்சை ஸ்தாபனங்கள் இல்லாத பிரதேசம் என்று இதைச் சொல்ல முடியாது. குடியால் கணவரை இளம் வயதிலேயே பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, இங்கிருந்து அதிக தூரமில்லாத அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. கீழ்ப்பாக்கத்து மனநலக் காப்பகம் 1794இல் தோன்றியது. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. 2025இல் தமிழக அரசு 25 அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்னும் பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. சட்டமோ 1985 முதலே சிகிச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. ஆக ஒரு கரையில் நீதிமன்றமும் மறு கரையில் வைத்தியமும் இருக்க, நடுவில் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் எவரும் இல்லை என்பதும், அந்த ஆளில்லாமையே இவ்விஷயத்தின் மூலக் குறை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. நிலவும் அபிப்பிராயங்கள்

சிறையே மருந்து என்பது முதலாவது அபிப்பிராயம். போலீஸார் மட்டுமே இப்படி நினைக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. “நாலு மாசம் உள்ளே இருந்தா தெளிஞ்சிடுவான் சார்” என்று ஜாமீன் மனுவே போட வேண்டாம் என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளும் தாய் தந்தையரும் உண்டு. வீட்டுப் பாத்திரம் வரை விற்றுத் தீர்த்த மகனைப் பெற்றவர்களின் அந்த வார்த்தையில் உள்ள வேதனையை அலட்சியம் செய்யும் உரிமை எவருக்கும் கிடையாது. ஆனால் போதைப்பொருள் கிடைக்காமல் இருப்பது வேறு, அதை வேண்டாம் என்று சொல்லும் சக்தி பெறுவது வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வு, வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் அதே வயதுப் பொதுஜனங்களைவிட 12.7 மடங்கு என்றும், அளவு மீறிய போதைப்பொருளால் இறக்கும் அபாயம் 129 மடங்கு என்றும் கண்டது. சிறையில் இருந்த காலத்தில் உடல் பழைய அளவைத் தாங்கும் தன்மையை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவரோ பழைய அளவையே எடுக்கிறார். ஹெராயினும் அதன் இனத்து மருந்துகளும் பெருகிக் கிடந்த ஒரு தேசத்தின் கணக்கை, மதுவும் கஞ்சாவுமே பெரும்பான்மையான நம் புறநகர்களுக்கு அப்படியே பொருத்துவது பிழை. இருந்தாலும் வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் சென்னையின் இளைஞர் சிலரிடையே பரவியிருக்கிற இக்காலத்தில், விடுதலையான முதல் பதினைந்து நாட்களே மிகவும் ஆபத்தானவை என்ற அந்த எச்சரிக்கையை நாம் கேளாதிருக்க முடியாது.

இது வியாதி, ஆகையால் சட்டம் விலகிக்கொண்டு வைத்தியரிடம் விட்டுவிட வேண்டும் என்பது இரண்டாவது அபிப்பிராயம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் நேரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருப்பது இக்கட்சிக்குப் பலம். ஆயினும் வியாதி என்று பெயரிட்டதனால் மட்டும் வியாதிக்காரர் வைத்தியரைத் தேடி வந்துவிடுவதில்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டில்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, குடிநோயில் வீழ்ந்தோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்தார். மீதி 37 பேரும் எங்கே இருந்தார்கள்? பணியிடத்திலும் வீட்டிலும் தெருவிலும் இருந்தார்கள். அவர்களில் சிலர் அடிதடி வழக்கிலும் சைக்கிள் திருட்டிலும் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றத்திலும் நீதிமன்றத்தில் இருந்தார்கள். ஆஸ்பத்திரி ஒருபோதும் காணாத ஒருவரை அரசாங்கத்தின் ஏதோவொரு கை முதன்முதலாகத் தொடுவது கைதின் போதுதான் என்றால், அந்தத் தருணத்தை வீணாக்கிவிட்டு, சட்டம் விலகிக்கொள்ளட்டும் என்று சொல்வது பரிவுடையதாகத் தோன்றினும் பிரயோஜனமுள்ளதாகத் தோன்றவில்லை.

மூன்றாவது அபிப்பிராயம், பிடித்து வந்து கட்டாயமாகச் சிகிச்சை கொடு என்பது. 2021 அக்டோபரில் மத்திய சமூகநீதி அமைச்சகமே, சிறிதளவு வைத்திருப்போரைச் சிறைக்கு அனுப்பாமல் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று யோசனை கூறியது. சிறைக்குப் பதிலாக ஆஸ்பத்திரி என்ற அளவில் இது முன்னேற்றமே. ஆனால் கட்டாய சிகிச்சையைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் திரட்டி 2016இல் வெளிவந்த மதிப்பீடு, ஒன்பது ஆய்வுகளை எடை போட்டுவிட்டு, மொத்தத்தில் அதனால் நன்மை விளைகிறதென்பதற்கு ஆதாரம் போதாது என்றே முடித்தது. போதைப் பழக்கத்தினரை அடைத்து வைக்கும் கட்டாயத் தடுப்புக் காவல் மையங்களை மூடுங்கள் என்று ஐக்கிய நாடுகள் சபையின் பன்னிரண்டு அமைப்புகள் 2012இலேயே கூட்டறிக்கை விட்டன. நம் ஊரில் இந்த ஆபத்து ஏட்டளவில் நிற்பதும் அன்று. உரிமம் பெறாமல் நடந்த தனியார் மறுவாழ்வு மையங்களில் சங்கிலியும் பிரம்பும் வைத்தியமாகப் பிரயோகிக்கப்பட்டதையும், உயிர்ப்பலியே நேர்ந்ததையும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பல முறை வெளியிட்டிருக்கின்றன.

அமெரிக்காவில் 1989இல் மயாமி நகரில் தொடங்கிய போதைப்பொருள் நீதிமன்றங்களும், போர்ச்சுகல் 2001இல் ஏற்படுத்திய ஆலோசனைக் குழுக்களும் இம்மூன்று அபிப்பிராயங்களுக்கும் நடுவே வழி தேடியவை. போர்ச்சுகலில், பத்து நாள் உபயோகத்துக்கு மேற்படாத அளவு வைத்திருந்தவர் போலீஸிடம் பிடிபட்டால், 72 மணி நேரத்துக்குள், சட்டம், வைத்தியம், சமூகப் பணி ஆகியவற்றைச் சார்ந்த மூவர் குழுவின் முன் வர வேண்டும். அந்நாட்டின் வெற்றி தோல்வி பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. தண்டனை நீங்கியதாலா, அதே காலத்தில் சிகிச்சை நிலையங்கள் விரிந்ததாலா நன்மை விளைந்தது என்பது இன்றும் பேசப்படுகிறது. நாம் கவனிக்க வேண்டியது அந்த 72 மணி நேரத்தை. பிடிபட்ட மனிதர் மனம் கலங்கி, குடும்பத்தார் முன் தலை குனிந்து, ஏதாவது ஒரு மாற்றம் வேண்டும் என்று தானே எண்ணுகிற சொற்ப அவகாசம் அது.

3. சட்டம் திறந்து வைத்த வாசல்கள்

நம் சட்டத்திலும் வாசல்கள் உண்டு. போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14இல் அமலுக்கு வந்தது. அதன் 39ஆம் பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்ட ஒருவரை, அவர் அப்பழக்கத்துக்கு ஆட்பட்டவராயிருப்பின், அவருடைய சம்மதத்தின் பேரில், சிறைக்கு அனுப்பாமல் பிணைப் பத்திரம் பெற்றுக்கொண்டு, அரசு அங்கீகாரமுள்ள ஸ்தாபனத்தில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 64ஏ பிரிவு இன்னும் தாராளமானது: தீர்ப்பு வரை காத்திராமல், குற்றம் சாட்டப்பட்ட நிலையிலேயே, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற நிலையத்திலோ சிகிச்சை பெறுகிறவருக்கு வழக்கிலிருந்தே விலக்கு அளிக்கிறது, சிகிச்சையை முடிக்காவிட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம். கஞ்சாவுக்கு ஒரு கிலோவும், ஹெராயினுக்கு 5 கிராமும் ‘சிறிதளவு’ என்பதன் எல்லையென்று 2001ஆம் ஆண்டு அறிவிக்கை வகுத்தது.

இவ்வளவு விசாலமான பிரிவு யாருக்குப் பயன்பட்டிருக்கிறது? 2001இல் கோகெய்ன் வழக்கில் கைதான ஹிந்தித் திரைப்பட நடிகர் ஒருவர், சிகிச்சை பெற்றதைக் காட்டி, 2012இல் மும்பை நீதிமன்றத்தில் இப்பிரிவின் கீழ் விலக்குப் பெற்றது ஊரறிந்த செய்தி. சட்டப்படி அவருக்குக் கிடைத்தது நியாயமே. அதே நியாயம் பெரும்பாக்கத்துப் பெயிண்டருக்கும் கிடைக்க வேண்டுமானால், இப்படியொரு பிரிவு இருக்கிறதென்று அவருக்கு ஒருவர் சொல்ல வேண்டும். அவர் சார்பில் மனு எழுத வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை போவதென்று காட்ட வேண்டும். சிகிச்சை பெற்றதற்கான சான்றை வாய்தா தேதிக்குள் வாங்கிவர வேண்டும். சட்டம் உரிமையைக் கொடுத்துவிட்டு, இந்த நான்கு காரியங்களையும் கைதானவர் தலையிலேயே போட்டுவிட்டது.

வாசல்கள் எல்லாருக்குமானவையாகவும் இல்லை. முதலாவது, மது இச்சட்டத்துக்கு உட்பட்ட பொருள் அன்று. ஆகவே குடிநோயால் குற்றம் புரிந்தவருக்கு 64ஏ பிரிவு எட்டாது. இரண்டாவது, டாக்டரின் சீட்டுக்குக் கடையில் கிடைக்கும் டாபென்டடால் போன்ற வலி நிவாரணிகள் இச்சட்டத்தின் பட்டியலுக்கு வெளியே நெடுங்காலம் நின்றதனால், அவற்றை ஊசியில் ஏற்றிக்கொண்டு பிடிபட்டவர் வேறு சட்டப் பிரிவுகளில் வழக்கைச் சந்திக்கிறாரேயன்றி, இச்சட்டத்தின் சிகிச்சைச் சலுகைக்கு உரியவராவதில்லை. மூன்றாவது, பழக்கத்துக்கு ஆட்பட்டவர் பணத்துக்காகச் செய்யும் திருட்டும் செயின் பறிப்பும் அடிதடியும் போதைப்பொருள் வழக்குகளே அல்ல. நான்காவதாக ஒன்றும் உண்டு: போதைப்பொருளோடு கலந்திருக்கும் மற்றப் பொருளின் எடையையும் சேர்த்தே அளவைக் கணக்கிட வேண்டும் என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கலப்படமே பெரும்பகுதியான பொட்டலத்தை வைத்திருந்த ஏழையும் ‘சிறிதளவு’ என்ற எல்லையைத் தாண்டிவிடக் கூடும்.

இங்கே நன்னடத்தைச் சட்டத்தின் சரித்திரம் நினைவுக்கு வருகிறது. மத்தியச் சட்டம் 1958இல்தான் வந்தது. சென்னை மாகாணமோ 1936இலேயே குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை இயற்றிவிட்டது. சிறிய குற்றம் புரிந்தவரைச் சிறையில் அடைக்காமல் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வீட்டிலேயே இருக்க விடுவது அதன் சாரம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மேற்பார்வை உத்தரவு போடும்போது ‘லாகிரிப் பொருள்களை விலக்குதல்’ என்பதையும் ஒரு நிபந்தனையாக விதிக்கலாம் என்றே சொல்கிறது. விலக்கு என்று சொன்ன சட்டம் எப்படி விலக்குவது என்பதற்கு வழி சொல்லவில்லை. ஆயினும் மதுவால் சீரழிந்து சிறு குற்றத்தில் சிக்கியவருக்கு இன்றும் எஞ்சியிருக்கிற உத்தமமான வாசல் இதுவே. துரதிருஷ்டவசமாக, போதைப்பொருள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கும், உட்கொண்ட குற்றம் போன்ற இரண்டொரு குற்றங்களுக்கும் தவிர, மற்றவர்களுக்கு இந்த நன்னடத்தை வாசலை அடைத்துவிட்டது.

சிறுவர்களின் நிலை தனிக் கட்டுரைக்குரியது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 93ஆம் பிரிவு, போதைக்கு ஆட்பட்ட சிறுவரை உரிய சிகிச்சை நிலையத்துக்கு மாற்ற இடம் தருகிறது என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

4. காவலின் முதல் மூன்று இரவுகள்

தினமும் குடிப்பவர் ஒருவர் சனிக்கிழமை மாலை கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசியாகக் குடித்ததிலிருந்து ஆறு முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கை நடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தொடங்கும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாட்களில், ஒரு சிலருக்கு, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ அழைப்பதாகவும் தோன்றும் சித்தப் பிரமை கண்டு, ஜுரமும் சேர்ந்து, உயிருக்கே ஆபத்தாகும். அரசியல் சாசனத்தின்படி 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்த வேண்டும்; அதற்கு முன் டாக்டர் பரிசோதிக்க வேண்டும். ஆகவே டாக்டரும் மாஜிஸ்டிரேட்டும் அவரைக் காணும் வேளையில் நடுக்கம் தொடங்கியிருக்கும், ஆனால் பெரிய ஆபத்து வந்திராது. அது வரும் நேரத்தில் அவர் புழல் மத்தியச் சிறையிலோ ஒரு கிளைச் சிறையிலோ, புதிதாக வந்தவர்களின் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருப்பார். நடுங்கும் கையைப் பயத்தின் அறிகுறி என்றும், உளறலைத் திமிர் என்றும் எண்ணிவிட்டால், அந்தப் பிழை ஓர் உயிரை வாங்கும்.

இதைத் தடுக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கைதானவரின் உடலில் காயம் உண்டா என்று டாக்டர் எழுதும் அதே தாளில், கடைசியாக எப்போது என்ன உட்கொண்டீர், தினமும் எவ்வளவு, நிறுத்தியபோது முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற மூன்று கேள்விகள் சேர வேண்டும். பதில் சிறை டாக்டருக்கு அன்றே போய்ச் சேர வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் இதே காரியத்துக்கென்று எட்டுக் கேள்விகள் கொண்ட ‘அஸ்ஸிஸ்ட்’ என்னும் வினாத்தாளை வகுத்து வைத்திருக்கிறது. அதை உபயோகிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: எப்போதாவது கஞ்சா இழுக்கும் கல்லூரி மாணவனையும், நாளுக்கு மூன்று முறை ஊசி ஏற்றும் இளைஞனையும் அது பிரித்துக் காட்டும். எல்லாரையும் முப்பது நாள் அறைக்குள் வைத்துச் சிகிச்சை செய்வது பணத்துக்கும் கேடு, மாணவனுக்கும் கேடு. அவனுக்குப் புத்திமதியும் இரண்டு மூன்று சந்திப்புகளுமே போதுமானவையாயிருக்கும்.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பகுதியிலாவது மனநலச் சிகிச்சை நிலையம் அமைய வேண்டும் என்கிறது. டில்லித் திகார் சிறையில் ஓபியம் இனத்து மருந்துகளுக்கு ஆட்பட்டவர்களுக்குப் பிரதி மருந்து கொடுக்கும் சிகிச்சை 2008இலேயே தொடங்கப்பட்டது. சிறைச் சுவருக்குள் அது நடவாத காரியம் என்ற ஆட்சேபத்துக்கு அந்த அனுபவமே பதில். ஆனால் 2022ஆம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதத்தினர் விசாரணைக் கைதிகள். என்றைக்கு ஜாமீன் வரும் என்று தெரியாதவர்கள். சிறைக்குள் தொடங்கிய சிகிச்சை வெளியே தொடர வேண்டுமானால், வெளியே ஓர் ஆள் காத்திருக்க வேண்டும். எல்லா வழிகளும் திரும்பத் திரும்ப அந்த ஓர் ஆளிடமே வந்து நிற்கின்றன.

5. சேத்துப்பட்டில் கற்ற பாடம்

அந்த ஓர் ஆளால் என்ன ஆகும் என்பதற்கு இவ்வூரின் சரித்திரத்திலேயே சான்று உண்டு. தாம்பரத்தின் பெயரோடு ‘சானடோரியம்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1928இல் டாக்டர் டேவிட் சவரிமுத்து இங்கே க்ஷயரோகிகளுக்கென ஆரோக்கிய நிலையம் தொடங்கிய காலத்தில், அந்நோய்க்கு நல்ல காற்று, ஓய்வு, ஊரை விட்டு விலகிய வாசம் ஆகியவையே வைத்தியம் என்று உலகம் நம்பியது. மருந்துகள் வந்த பிறகும், நோயாளியைச் சுவருக்குள் வைத்தால்தான் மருந்து ஒழுங்காக உள்ளே போகும் என்ற நம்பிக்கை நீங்கவில்லை. அதைச் சோதித்துப் பார்த்த இடம் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய டாக்டரின் தலைமையில், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை நெரிசலும் வறுமையும் மிகுந்த அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. நல்ல ஆகாரமும் ஓய்வும் தாதியும் பெற்றவர்களுக்கும், குடிசையில் இருந்துகொண்டே மருந்து தின்றவர்களுக்கும் குணத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உலகெங்கும் க்ஷயரோகச் சிகிச்சையின் போக்கையே மாற்றிய ஆராய்ச்சி அது.

வீட்டுப் பிரிவினருக்கு வீடு மட்டுமா குணமளித்தது? இல்லை. குறித்த நாளில் நிலையத்துக்கு வராதவரைத் தேடி ஆள் போயிற்று, முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள், குடும்பத்தாரிடம் பேசினார்கள். சுவர் செய்யும் என்று நம்பப்பட்ட வேலையை அந்த வருகை செய்தது. பின்னாளில் தாம்பரத்து நெஞ்சக நோய் மருத்துவமனை நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை நிலையங்களுள் ஒன்றாகி, 2004இல் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய முதல் சில மருத்துவமனைகளில் இடம்பெற்றபோதும், ஆலோசகரும் களப்பணியாளரும் இல்லாமல் அந்தச் சிகிச்சை நிலைத்திருக்காது.

க்ஷயரோகத்தில் கொல்லப்பட வேண்டிய கிருமி ஒன்று உண்டு. போதைப் பழக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. நோயாளியின் ஆசையும் துக்கமும் சகவாசமும் கலந்த வியாதி இது. மாத்திரையை எண்ணுவதுபோல் மனத்தை எண்ண முடியாது. ஆகையால் இரண்டும் ஒன்றே என்று நான் வாதிக்கவில்லை. அடைத்து வைத்தலைவிடப் பின்தொடர்தல் பெரிது என்பதை இந்த ஊரே ஒரு முறை நிரூபித்துக் காட்டியிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறேன்.

6. கையெழுத்து நிபந்தனை

ஜாமீன் உத்தரவுகளில் நம் நீதிமன்றங்கள் வழக்கமாக எழுதும் நிபந்தனை ஒன்று உண்டு: மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும். ‘கையெழுத்து போடப் போறேன்’ என்றால் புறநகரில் எந்தத் தெருவிலும் அர்த்தம் விளங்கும். கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் காலை எட்டு மணிக்கு நின்றால்தான் அன்றைக்குக் கூலி, 10.30க்குக் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைய கூலி கிடையாது. ஏட்டையா வந்து நோட்டை எடுத்து வைக்கும் வரை காத்திருந்து, கையெழுத்திட்டு வெளியே வந்தால், வேலையில்லாத நீண்ட பகல் மீதி இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறக்கிறது. ஓடிப்போகாமல் தடுக்க ஏற்பட்ட நிபந்தனை, பழக்கத்திலிருந்து மீள முயலும் மனிதரைப் பழைய நண்பர்களிடமும் பழைய கடைக்கும் தினமும் கொண்டுபோய் விடுவதாக முடிகிறது.

இதே நிபந்தனையை மாற்றி எழுதலாம். வாரத்தில் இரண்டு நாள் கையெழுத்தைக் காவல் நிலையத்துக்குப் பதிலாக அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவில், மாலை வேளையில் இடச் செய்தால், நீதிமன்றத்துக்கு ஆள் இருக்கும் இடமும் தெரியும், ஆளுக்குச் சிகிச்சையும் கிடைக்கும், கூலியும் போகாது. விருப்பமுள்ளவர் கேட்டுக்கொண்டால் மட்டுமே இப்படிச் செய்ய வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஜாமீன் நிபந்தனையை வகுக்கும் விசாலமான அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதை என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 355ஆம் பிரிவில், பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தவருக்குச் சமூக சேவையையும் தண்டனையாக விதிக்க இடம் இருப்பது, இத்திசையில் சட்டத்தின் மனம் திரும்பத் தொடங்கியிருப்பதற்கு அடையாளம்.

துணை செல்லும் ஆள் யார்? போலீஸ்காரராக இருக்கக் கூடாது. அவரிடம் உண்மையைச் சொன்னால் அது வாக்குமூலமாகும். நன்னடத்தை அலுவலர் தகுந்தவர், ஆயினும் அவரது வேலை பெரும்பாலும் தீர்ப்புக்குப் பிறகே தொடங்குகிறது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2015இலேயே போதைப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டோருக்கென்று தனித் திட்டம் வகுத்திருக்கிறது. வக்கீல் அல்லாத தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து நியமிக்கும் ஏற்பாடும் அதனிடம் உண்டு. தாம்பரம் மாஜிஸ்டிரேட் நீதிமன்றங்களில் அத்தகைய தன்னார்வலர் இருவரை, அவர்களுள் ஒருவரையேனும் தாமே பழக்கத்திலிருந்து மீண்டு சில ஆண்டுகள் கழித்தவராகத் தேர்ந்து, சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும் என்பது என் யோசனை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்தார் 1935 முதல் உலகெங்கும் நிரூபித்து வருவது, குடித்தவன் பேச்சைக் குடித்தவன் கேட்பான் என்ற உண்மையையே. சம்பளம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புண்ணிய காரியம் என்று சொல்லி ஏழைகளிடம் இலவசமாக வேலை வாங்கும் திட்டங்கள் இரண்டாம் ஆண்டைத் தாண்டுவதில்லை.

அவர் செய்ய வேண்டிய வேலை இன்னதென்பதும் தெளிவானது. ரிமாண்டு நாளன்று கைதானவரையும் குடும்பத்தாரையும் சந்திப்பது; 64ஏ மனுவுக்குரிய வழக்கானால் வக்கீலிடம் சொல்வது; ஜாமீன் உத்தரவு வந்த நாளன்று சிறை வாசலில் நிற்பது. புழல் தாம்பரத்துக்கு நேர் எதிரில், நகரின் வடகோடியில் இருக்கிறது. பொழுது சாயும் வேளையில் அங்கே விடுதலையாகி, பஸ்ஸிலும் ரயிலிலுமாக நகரம் முழுவதையும் குறுக்கே கடந்து வீடு சேர வேண்டிய ஒருவருக்கு அந்தப் பிரயாணமே முதல் சோதனை. அதில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வருவதும், மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கூடவே போவதும், வராத நாளில் வீடு தேடிச் செல்வதும்தான் சேத்துப்பட்டில் நாம் கற்ற வைத்தியம்.

7. ஆட்சேபங்கள்

ஆஸ்பத்திரி போலீஸின் கண்ணாக மாறிவிடாதா என்று கேட்கலாம். மாறிவிடும், நாம் காவாவிட்டால். ஆகவே மையம் நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டியது ஆள் வந்தாரா இல்லையா என்பது ஒன்றுதான். அவர் ஒரு நாள் தவறிக் குடித்ததைச் சொல்லக் கூடாது. தவறி விழுதல் இவ்வியாதியின் இயல்பு. சிகிச்சையை முடிக்காதவருக்கு விலக்கு ரத்தாகும் என்ற 64ஏ பிரிவின் வாசகத்தை, ஒருமுறை தவறினவர் சிகிச்சையை முடிக்காதவர் என்று பொருள் கொள்வது வைத்திய சாஸ்திரத்துக்கும் விரோதம், அப்பிரிவின் நோக்கத்துக்கும் விரோதம்.

மதுவை விற்கும் அரசே மீட்பையும் நடத்துவதா என்பது கனமான ஆட்சேபம். 2023–24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். அந்தப் பணத்தில் எத்தனை காரியங்கள் நடக்கின்றன என்பதைச் சொல்லிக் கடையை நியாயப்படுத்துவோர், அதிலிருந்து ஒரு துளியை நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே நடக்கும் இரண்டு பேரின் சம்பளத்துக்கு ஒதுக்க மறுப்பதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

பெண்களைப் பற்றிய ஆட்சேபத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புதலே உண்டு. சிகிச்சை நிலையங்கள் பெரும்பாலும் ஆண்களை மனத்திற்கொண்டே அமைந்தவை. பெண் தன்னார்வலரும், பெண்களுக்கெனத் தனி நேரமும் இல்லாமல் மேற்சொன்ன ஏற்பாடு பாதி ஏற்பாடே.

சட்டமும் சர்க்காரும் அசையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் சிறிதளவு போதைப்பொருளோடு கைதாகி, அப்பழக்கத்துக்கு ஆட்பட்டவராகவும் இருந்தால், குடும்பத்தார் முதல் வாய்தாவிலேயே 64ஏ பிரிவைப் பற்றித் தம் வக்கீலிடம் கேட்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் சட்டப் பணிகள் குழுவை அணுகினால் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 14446 என்ற எண்ணில் மத்திய அரசின் போதை மீட்பு ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. தினமும் குடிக்கும் பழக்கமுள்ளவர் கைதானால், அதைக் காவல் நிலையத்திலும் டாக்டரிடமும் வாய் திறந்து சொல்லுங்கள். மானத்துக்கு அஞ்சி மறைக்காதீர்கள்.